‘ம்’ சொல்ல ஆளில்லையா?

என் வயதை ஒட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் பிள்ளைகளாக இருந்த காலத்தில் வீட்டில் ஒருவர் துக்கத்தில் படுத்துவிட்டால் பெரியவர்கள் கைவசம் இருந்த வைத்தியம் ஒன்றுதான். நடந்ததைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பேசாமல் இருந்தால் மறந்துவிடும், மறந்துவிட்டால் எழுந்துவிடுவார்கள். கஷாயத்துக்கு மிளகு போடுகிற மாதிரி அவ்வளவு நிச்சயமாக நம்பினார்கள். உங்கள் வீடுகளிலும் நடந்திருக்கும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. பள்ளிக்கூடத்தில் மத்தியானத்துக்கு மஞ்சளாக ஓர் உப்புமா போடுவார்களே, சாயங்காலம் வரைக்கும் அதன் வாசனை விரலிலேயே நிற்குமே, அந்தக் காலம். எனக்கு ஒன்பது வயது. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும், ஒரு பக்கம் அடுப்படி. அதற்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் கொல்லை. அவ்வளவுதான் வீடு.

அந்த ஐப்பசியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் இல்லை. அவன் குதிகாலை ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். அவனுக்கும் எனக்கும் உள்ள பழக்கம் அதுதான்.

அன்றைக்கே பக்கத்து ஊரான தாமலிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, நனைந்த பையோடு வந்து இறங்கினாள். வந்தவள் உட்காரவில்லை. தூளி கட்டியிருந்த அம்மாவின் பச்சைப் புடவையை அவிழ்த்தாள். வசம்பு வளையல், மை டப்பா, கோயில் வாசலில் நான் ஆசையாக வாங்கிவைத்திருந்த மரக் கிலுகிலுப்பை, எல்லாவற்றையும் அந்தப் புடவையிலேயே மூட்டையாகக் கட்டி எங்கேயோ கொடுத்தனுப்பிவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் வீட்டில் அவன் இருந்ததற்கு அடையாளமாக உத்திரத்தில் தூளிக் கயிறு உரசிய தடம் மட்டும் இருந்தது. அது மட்டும் யாருக்கும் எட்டவில்லை.

அம்மாவைப் பின்னறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சத்தம் படக் கூடாதாம். என்ன சத்தம்? தறியே ஓடவில்லை. அப்பா நெய்தது கோர்வைப் புடவை. குறுக்கு நூல் சுற்றிய நாடாவைப் புடவையின் உடம்புக்கு அப்பா எறிந்தால் கரைக்கு இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. அவள் எழுந்து வந்தால்தான் தறி. நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழியில் மழைத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அப்பா காலையிலும் மாலையிலும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு அதை இறைப்பார். வேறு வேலை அவருக்குத் தெரியவில்லை.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் இரண்டு வாய் குடிப்பாள். பேச்சு நின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் தலையாட்டுவதில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை என்று தெருவில் சொன்னார்கள். அதுவும் இல்லை. பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியரை அழைத்துவந்தார் அப்பா. அவர் நாடி பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் பிறகு எங்கே என்று நான் யோசித்தேன்.

“அம்மா கிட்ட போவாத. தொந்தரவு பண்ணாத. வுடு, தூங்கட்டும்.” இதுதான் எனக்கு அத்தை போட்ட சட்டம். ஒரு நாள் போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

அத்தையைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு ஆக்கிப் போட்டாள், எனக்கு எண்ணெய் தேய்த்துக் கண் இழுத்துக்கொள்கிற அளவுக்கு இறுக்கிப் பின்னிவிட்டாள். அவளுக்கும் இரண்டு குழந்தைகள் அப்படிப் போயிருந்தன என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அவளுக்கு அப்போது என்ன செய்தார்களோ அதையே அம்மாவுக்கும் செய்தாள்.

வாசலுக்கு நாள் தவறாமல் வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் எதிர்வீட்டு வதினம்மா. தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். அம்மாவை அவர் ‘வதினா’ என்பார், அண்ணி என்று அர்த்தம். கூப்பிட்ட பெயர் கூப்பிட்டவருக்கே ஒட்டிக்கொண்டு தெருவுக்கே வதினம்மா ஆகிவிட்டார். அத்தை வாசலிலேயே நிறுத்தி, “தூங்கறா” என்பாள்.

“நேத்தும் தூங்கினாங்க, முந்தாநேத்தும் தூங்கினாங்க. எனக்கு ஒரு நாளைக்கி அந்தத் தூக்கம் வரக் கூடாதா, தேவுடா!” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ரசத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பிப் போகும்போது ஒரு முறை பின்னறைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

இன்னொருவர் தபால்காரர். ஏனாத்தூர்ப் பக்கத்து ஆள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். அம்மாவுக்குப் பம்பாயில் ஓர் அண்ணன் இருந்தார். வருஷத்துக்கு ஒரு கடிதம் போட்டால் அதிகம். ஆனாலும் அம்மா தினமும் வாசலுக்கு வந்து “எனக்கு ஒண்ணும் இல்லியா?” என்பாள், அவர் “இன்னிக்கி இல்லமா” என்பார். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அம்மா படுத்த பிறகும் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, மணியடித்து, உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வார்: “அம்மா, இன்னிக்கி ஒண்ணும் இல்லமா!”

“இருக்கறதக் குடுக்கறதுக்குத்தான் சர்க்காரு ஆளு வெச்சிருக்குது. இல்லாததச் சொல்றதுக்குமா?” என்பாள் அத்தை.

“இல்லன்னு தெரிஞ்சிட்டா காத்துக்கினு இருக்க வேணாம் பாருங்க” என்று சொல்லிச் சிரித்துவிட்டு மழையில் மிதித்துக்கொண்டு போவார்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் எதையும் தறியில் ஏற்றித்தான் பேசுவார்கள். கல்யாணப் பேச்சு முறிந்தால் ‘இழை அறுந்துபோச்சி’. ஒருவர் கதையை வளர்த்தால் ‘இன்னும் எத்தினி முழம் நெய்வ?’ கோபமாக இருப்பவரைப் பார்த்து, ‘இன்னா, சிக்கல் வுழுந்துட்ச்சா?’ அப்படிப்பட்ட தெருவில் ஒரு நாள் அத்தை முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே வதினம்மாவிடம் சொன்னாள்:

“பழைய பாவையே கட்டிக்கினு கெடந்தா புதுசு எப்பிடி ஏறும்? அறுத்து எறியணும். பழச அறுத்து எறிஞ்சாதான் அவ எழுந்து வருவா. வேற வழியில்ல.”

நான் தூணோரம் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏனென்றால் பழைய பாவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தறியில் தொங்கிக்கொண்டிருந்தது!

தறி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாவு என்பது புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற இழைகள், ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வோர் இழையும் விழுது என்கிற நூல் கண்ணிக்குள் நுழைந்து, அச்சு என்கிற நீளச் சீப்பின் பல்லுக்குள் நுழைந்து வரும். புடவை நெய்து முடித்து அறுக்கும்போது கண்ணிகளுக்குள் கோத்த பழைய இழைகளை உருவ மாட்டார்கள். ஒரு முழ நீளம் வால் மாதிரி விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அந்த வாலோடு இழைக்கு இழை சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்துவிட்டால் போதும், மெதுவாக இழுத்தால் புது இழை தானாகக் கண்ணிக்குள் வந்து சேரும். அந்த வால் போனால் எல்லாம் போச்சு. ஆயிரக்கணக்கான கண்ணியிலும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும்.

புதுப் பாவு வந்து மூலையில் சுருட்டியிருந்தது. ‘நாளைக்காவது பொணைக்கணும்’ என்று அப்பா பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மத்தியானம் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், அப்பா தச்சர் வீட்டுக்குப் போயிருந்தார். அப்பாவின் பிளேடை எடுத்தேன். அரக்குச் சிவப்பு இழைகள். பிடி பிடியாக அறுத்து, கண்ணியிலிருந்து உருவி உருவி எடுத்தேன். பட்டிழை விரலை வெட்டியது. ‘அறுத்து எறியணும்’ என்றல்லவா சொன்னாள்? ஆகவே மொத்தத்தையும் பாவாடை மடியில் வாரிக்கொண்டு தூறலில் ஓடித் தெருக்கோடிக் குளத்தில் எறிந்தேன். அது உடனே முழுகவில்லை. ஒரு பெண்ணின் தலைமுடி மாதிரி விரிந்து கொஞ்ச நேரம் மிதந்தது. அது அடங்குகிறவரை பார்த்துவிட்டு, அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அம்மா சுவரைப் பார்த்துதான் படுத்திருந்தாள்.

அப்பா என்னை அதற்கு முன்பும் அடித்ததில்லை, அதற்குப் பிறகும் அடித்ததில்லை. “ஏன்டி செஞ்ச? யார் சொன்னது? வாயத் தொறந்து சொல்லேன்டி!” நான் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். பலிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது போலிருக்கிறது, நடுவில் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது. முதுகில் அடி விழ விழப் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அழுகை அவளுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. கதவு அசையவில்லை. அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

தெரு ஆண்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் விழுதைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, “மொட்டையடிச்சிட்டா பா, மொட்டை!” என்றார். “இத்தக் கோத்து முடிக்கறதுக்குள்ள பொங்கலே வந்துடும்” என்றார் இன்னொருவர். அப்பா தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் கோபம்கூட இல்லை. அம்மாவுடைய முகம் அவருக்கும் வந்துவிட்டதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

அப்போது வதினம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தார்.

“ஒல வெச்சிட்டு வந்திருக்கறேன். அது கொதிக்கிற வரைக்கும் எடுத்துக் குடுக்கறேன். குந்துங்க அண்ணா.”

“ஒரு ஒல கொதிக்கிற நேரத்துல இன்னாம்மா ஆவும்?” என்றார் மொட்டை என்று சொன்னவர்.

“பத்து இழை ஆவும். நீ நின்னு பேசற நேரத்துல அது கூட ஆவாது.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

கோப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். தறிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்னால் இருப்பவர் கொக்கியைக் கண்ணிக்குள் நீட்டுவார். பின்னால் இருப்பவர் வரிசை தவறாமல் ஓர் இழையைப் பிரித்து அதில் மாட்டுவார். முன்னவர் இழுத்துக்கொண்டதும் ‘ம்’ என்பார். ‘ம்’ கேட்டால்தான் பின்னவர் விரலை விட்டு அடுத்த இழையை எடுக்க வேண்டும். கேட்காமல் விட்டால் வரிசை கலைந்துவிடும். நீட்டு, மாட்டு, ம். நீட்டு, மாட்டு, ம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பகலெல்லாம் கேட்டது அந்த ஒரு சத்தம்தான். வாசலில் மழை, உள்ளே ‘ம்’.

இன்னொன்றும் நடந்தது, யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மழை இருட்டில் பட்டிழை கண்ணுக்குத் தெரியாது. கொல்லை வெளிச்சம் பின்னறை வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே பின்னறைக் கதவைத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்தார்கள். இழை கொடுக்கிறவர் அந்த வாசற்படியிலேதான் உட்கார வேண்டும், அம்மாவின் பாய்க்கு மூன்று முழ தூரத்தில்.

“அவ தூங்க வேணாமா?” என்றாள் அத்தை.

“கண்ணு தெரியலக்கா” என்றார் அப்பா.

வந்தவர்கள் எல்லாரும் அவரவர் வேலைக்கு நடுவில் வந்தார்கள். உலை கொதிக்கிற நேரம், துணி ஊறுகிற நேரம், பால் கறந்துவிட்டு வீட்டுக்குப் போகிற நேரம். இட்லி விற்கிற அம்மாள் கூடை காலியானதும் வந்து, எண்ணெய்க் கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவாள். மொட்டை என்று சொன்னவரும் மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தார். யாரும் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவள் பக்கம் பார்த்துக்கூடப் பேசவில்லை. இழை கொடுத்துக்கொண்டே அவரவர் வீட்டுக் கதையைப் பேசினார்கள். யார் வீட்டு ஆடு யார் வீட்டு முருங்கையைத் தின்றது, யார் மருமகள் சாம்பாரில் வெல்லம் போட்டாள். வதினம்மா ஒருத்திதான் ஒரு தடவை, ஏதோ பேச்சுக்கு நடுவில், “அவனுக்கு வதினா மாதிரியே காது, இல்ல? கொஞ்சம் வெளிய தள்ளிக்கினு” என்றார். ஒரு ‘ம்’ வரவில்லை. அப்பா கொக்கியைப் பிடித்தபடி இருந்தார். பிறகு, “ஆமாமா” என்றார். தம்பியைப் பற்றி எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேசியது அன்றுதான். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கதவிடுக்கு இல்லாமலே எனக்கு இப்போது அம்மா தெரிந்தாள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை. மல்லாந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபால்காரர் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ உள்ளே வந்தார். வாசலில் நின்று, “இன்னிக்கி ஒண்ணும் இல்லமா” என்றவர், தறியைப் பார்த்துவிட்டு, “நானும் ரெண்டு இழை குடுக்கட்டுமா? கையி சுத்தமாத்தான் இருக்குது” என்று கேட்டார். அத்தை முகம் சுண்டியது. அப்பா, “வாங்க, குந்துங்க” என்றார். மூட்டையும் குடையும் வாசலில் இருக்க, நனைந்த காக்கியோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு அத்தை தண்ணீர் கொடுத்தது கொல்லையில் கிடந்த ஒரு பழைய அலுமினியத் தம்ளரில். அது ஏன் அந்தத் தம்ளர் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளும் வந்தார்.

அவரைப் போல மோசமாக இழை கொடுத்தவர் தெருவிலேயே இல்லை. தடித்த விரல். முத்திரை குத்திப் பழகிய கை. ஒன்று எடுக்கப் போனால் மூன்று வரும். “தந்தி குடுக்கற மாதிரி குடுக்காதீங்க சார், மணியார்டர் மாதிரி நிதானமா குடுங்க” என்று வதினம்மா கேலி செய்வார்.

ஒரு சனிக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். அடித்த பிறகு அப்பா என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நானும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோத்த இழைகளைச் சின்னச் சின்னக் கொத்தாக முடிந்துவைக்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தேன். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அத்தை குழாயடிக்குப் போயிருந்தாள். வதினம்மாவின் உலை கொதித்துவிட்டது, எழுந்து போய்விட்டார். தபால்காரர் அவர் இடத்தில் உட்கார்ந்து நாலு இழைகூடக் கொடுத்திருக்க மாட்டார், அப்பாவுக்கு ஈரக் குழியில் கால் மரத்து நரம்பு பிடித்துக்கொண்டது.

“போயி நடந்துட்டு வாங்க. இத்த நான் புடிச்சிக்கறேன்.”

“வுட்டுடாதீங்க சார். ‘ம்’ சொல்றவரைக்கும் வுடக் கூடாது.”

“வுட மாட்டேன். போங்க.”

அப்பா நொண்டிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனார். தபால்காரர் ஒரே ஒரு சிவப்பு இழையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு கொசு வந்து அவர் மூக்கின்மேல் உட்கார்ந்தது.

“பாப்பா, இத்த ஒரு தட்டு தட்டும்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. சர்க்கார் உத்தியோகஸ்தரின் மூக்கில் எப்படி அடிப்பது? கொசு போய்க் காதில் உட்கார்ந்தது. அவர் தோளை உயர்த்திக் காதைத் தேய்த்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, வேடிக்கையாகக் கத்தினார்:

“யாராவது ‘ம்’ சொல்லுங்கப்பா! கையி செத்துப்போச்சி! இந்த வூட்ல ‘ம்’ சொல்ல ஆளில்லியா?”

“ம்.”

அவர் உடனே விரலை விட்டுவிட்டு, காதைச் சொறிந்துகொண்டு, அடுத்த இழைக்குக் கை நீட்டினார். நான் கொக்கியைப் பார்த்தேன். அது அப்பா வைத்த இடத்திலேயே கிடந்தது.

“சார், அந்த இழை இன்னும் கோக்கவேயில்ல.”

“‘ம்’னு சொன்னியே?”

“நான் சொல்லல.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் அவருக்குப் பின்னால் இருந்த அறைக்குள் பார்த்தோம். அம்மா கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். சடை விழுந்த தலை. ஒரு பக்கம் பாய்க்கோடு பதிந்த கன்னம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எந்த இழைய வுட்டீங்க?” குரல் கரகரவென்று, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி வந்தது.

“தெரிலமா.” அவர் திருடன் மாதிரி விழித்தார். “எல்லாம் ஒரே செவப்பா இருக்குது.”

அம்மா அவருக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஆயிரம் இழைகளுக்கு நடுவில் ஒரு நிமிஷம் விரலை ஓட்டினாள். “இதான். புடிங்க.” இழையை அவர் விரலில் மறுபடி வைத்துவிட்டு, தறியைச் சுற்றி வந்து, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, கொக்கியை நீட்டினாள். அவர் மாட்டினார். இரண்டு முறை நழுவியது. அவள் இழுத்துக்கொண்டாள்.

“ம்” என்றாள்.

அப்பா கொல்லைக் கதவோரம் வந்து நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். உள்ளே வரவில்லை. திரும்பிப் போய், வானத்தில் ஏதோ பார்க்கிறவர் மாதிரி மழையில் நின்றார். அத்தை இடுப்பில் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொசுமா, கொசு” என்றார்.

சோறு வடித்த கையோடு வதினம்மா வந்தார். அம்மாவைப் பார்த்தார். கட்டிப்பிடித்து அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னா வதினா, தூங்கனது போதுமா?” என்றார்.

அம்மா கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நான் எங்க தூங்கினேன்?”

அத்தை படியில் உட்கார்ந்தபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று அம்மா தபால்காரருக்கு மோர் கொடுத்தது எங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளரில். அத்தைதான் அந்தத் தம்ளரை உள்ளே போய் எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தாள்.

“இன்னும் பாதித் தெருவுக்குத் தபால் இருக்குது. காத்துக்கினு இருப்பாங்க” என்று அவர் எழுந்தார். இழை கொடுக்க ஆளில்லை. அப்பா வரப் பார்த்தார். அம்மா வேண்டாமென்று தலையாட்டி, என்னைக் காட்டினாள். நான் போய் அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். அத்தனை நாளும் என்னைத் தறிக்குப் பின்பக்கம் யாரும் விட்டதில்லை.

இழைகளுக்கு நடுவில் அம்மாவின் முகம் கோடு கோடாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து இழை போயிருக்கும்.

“எதுக்குடி அறுத்த?”

கேட்ட குரலில் கோபம் இல்லை. நான் மாட்டிய இழையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இனிமேல் சொல்லலாமா, சொன்னால் மறுபடி படுத்துவிடுவாளா என்று கணக்குப் போட்டேன். பிறகு அடக்க முடியவில்லை.

“பழைய பாவ அறுத்து எறிஞ்சா நீ எழுந்து வருவேன்னு சொன்னாங்கம்மா. குளத்துல எறிஞ்சேன். அப்பவும் நீ வரல.”

அம்மா கொக்கியைக் கீழே வைத்தாள். அடுப்படியில் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. அவன் போன பிறகு அவள் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துடைத்துக்கொள்ளவில்லை.

“அவன எறிய முடியாதுடி கண்ணு” என்றாள். “அவன் பாட்டுக்கு இருக்கட்டும்.”

நான் தேம்பினேன். விரலை மட்டும் விடவில்லை.

“நான் எழுந்து வந்துட்டனா இல்லியா?”

“வந்துட்ட.”

“அப்பறம் இன்னாத்துக்கு அழுவற? குடு அந்த இழைய.”